யாருடா அந்த தபன் மண்டல்?

– நிதாய் இல்லன்னா வேற யாருடா? நீயா? சொல்லு சுகோமல், நீயா அந்தக் கையெழுத்தப் போட்ட?

– நான் எப்படிப் போட முடியும் பினாகிதா? பதினோரு பேர்ல நான் இல்லையே. பதினாறாம் நம்பர் ஜெர்சி. மூணு வருஷமா பெஞ்சு.

– அதான் கேக்கறேன். பெஞ்சுல சும்மாதானே உக்காந்திருந்த? கையெழுத்துத் தாள் உன் மடியிலதானே இருந்துச்சு? கண்ணாடிக் கடையில வேலை பாக்கற. நாள் பூரா அடுத்தவன் கண்ணுக்கு எழுத்தக் காட்டி, தெரியுதா தெரியுதான்னு கேக்கற. ஊர் பேர் தெரியாத ஒருத்தன் பேரு நம்ம தாள்ல இருக்கு, அது உன் கண்ணுல படல?

– பட்டுது.

– என்னது?

– பட்டுதுன்னு நினைக்கறேன். ரெஃப்ரிகிட்ட குடுக்கறப்போ ஒரு இடத்துல 'தபன் மண்டல்'னு இருந்த மாதிரி தெரிஞ்சுது. நம்ம டீம்ல தபன்னு யாரும் கிடையாதே, நாமதான் தப்பாப் படிக்கறோம்னு குடுத்துட்டேன். என் மேலேயே எனக்கு நம்பிக்கை வரல.

– வராது! உனக்கு எதுல நம்பிக்கை வந்திருக்கு? கடுதாசிய எடு. இன்னொரு தரம் படி. நிறுத்திப் படி, எனக்கு ரத்தம் கொதிக்குது.

– 'மாலைநேரக் கல்லூரிகள் கோப்பைக் கமிட்டி. வியாழக்கிழமை அரையிறுதியில் உங்கள் அணியினர் போட்ட பதினோரு கையெழுத்துகளில் தபன் மண்டல் என்ற பெயர் உங்கள் மாணவர் பட்டியலில் இல்லை. மற்றதில் பாதி கிறுக்கல் என்பதால் இது யாருடையது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. வெளி ஆள் ஆடியதாக எதிரணி புகார் கொடுத்துள்ளது.'

– வெளி ஆளாம்! பதினோரு மூஞ்சியையும் அடையாள அட்டையோட ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தானே உள்ள விட்டான்? மேல படி.

– 'உங்கள் மாணவர்தான் வேறு பெயரில் கையெழுத்துப் போட்டார் என்றால், அவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு, கேப்டனும் கையெழுத்திட்ட கடிதத்தை இன்று மாலை ஐந்து மணிக்குள் கமிட்டி கூடாரத்தில் சேர்க்கவும். அந்த மாணவருக்கு மட்டும் ஓர் ஆண்டுத் தடை. அணி இறுதியாட்டத்தில் ஆடலாம். கடிதம் வராவிட்டால் வெற்றி ரத்து. அணி வெளியே.'

– மணி என்ன?

– நாலு பதினெட்டு.

– மூணு வருஷம்டா. மூணு வருஷம் கழிச்சு ஃபைனல். உன் நோட்டுல இருக்குல்ல? மொத வருஷம் என்ன எழுதியிருக்க, படி.

– இப்பவா?

– இப்பத்தான். நான் எதுக்காகக் கத்தறேன்னு அந்த மரத்துக்கும் தெரியட்டும்.

– மொத வருஷம் ஏழு ஆட்டம், ஏழும் தோல்வி. லா காலேஜ் பசங்ககிட்ட ஒன்பதுக்கு சைபர். ஆறாவது ஆட்டத்துல நமக்கு மொத கோல். அது எதிரணிக்காரன் அவன் கோலுக்குள்ளயே அடிச்சது. இருந்தாலும் நாம எல்லாரும் கடலையும் பொரியும் வாங்கித் தின்னோம். நீங்க அழுதீங்க.

– அத எதுக்குடா எழுதி வெச்ச?

– நடந்ததை எழுதினேன். அடிச்சிடட்டுமா?

– விடு. போன வருஷம்?

– ரெண்டு டிரா, ஒரு வெற்றி. கடைசி ஆட்டத்துக்கு முன்னாடி கோல்கீப்பர் போல்ட்டு, காசுக்கு வேற ஊர் டீமுல ஆடற கூலி ஆட்டத்துக்குப் போய் கணுக்கால ஒடச்சிக்கிட்டான். கோல்ல யாரும் இல்லாம ஆறுக்கு சைபர். அடுத்த நாளே நீங்க அவன டீம விட்டுத் தூக்கினீங்க. அன்னிக்குத்தான் எல்லாரும் பந்து மேல கை வெச்சு சத்தியம் பண்ணினோம். இந்த டீம்ல இருக்கறவன் எவனும் ஞாயித்துக்கிழமை கூலி ஆட்டத்துக்குப் போகக் கூடாது.

– போல்ட்டு என் தெருக்காரன். ஒண்ணாங் கிளாஸ்லேருந்து கூட்டாளி. அவனையே தூக்கினேன். அப்புறமும் ஒருத்தன் போறான்னா, அவனுக்கு என்ன திமிர் இருக்கணும்? தபன் மண்டலாம்! ஊரூராப் போய் எவனோ ஒருத்தன் பேர்ல ஆடறவனுக்குத்தான் இப்படிக் கை போகும். அந்த நிதாய் வரட்டும். வர்றானான்னு பாரு.

– வர்றான். டிராம விட்டு எறங்கிட்டான். பினாகிதா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. அவன் என்ன சொல்றான்னு கேட்டுட்டு...

– வாங்க தபன் பாபு! வாங்க! மாலை போடட்டுமா?

– என்ன பினாகிதா, எறங்கினதும் இந்தக் கத்து? காக்கா எல்லாம் பறந்து போச்சு. தள்ளி நில்லுங்க, காலையிலேருந்து மீன் கூடை தூக்கியிருக்கேன், நாறும்.

– உன் கையெழுத்து அதவிட நாறுதுடா.

– சுகோமல், இவருக்கு என்ன ஆச்சு?

– நிதாய், வியாழக்கிழமை தாள்ல உன் பேரத்தான் போட்டியா?

– வேற யார் பேரப் போடுவேன்?

– இந்தா, கடுதாசி. படிச்சுப் பாரு.

– தபன் மண்டல்... இது யாரு?

– நடிக்காத! அடிச்சேன்னா மூஞ்சி பெயரும். நீ கூலி ஆட்டம் ஆடறியா இல்லையா? நேரா சொல்லு.

– ஆடறேன்.

– கேட்டியா சுகோமல்? கேட்டியா? ஒளிவு மறைவே கிடையாது. பந்து மேல கை வெச்சு சத்தியம் பண்ணின வாய்!

– பண்ணினேன். மறுவாரமே போனேன். மா காளி சத்தியமா, போகாம இருக்க முடியல. இங்க நான் ரெண்டு கோல் போட்டா யாரு பாக்கறா? சுகோமலும் மைதானத்துல மேயற நாலு ஆடும். அங்க ஊரே திரண்டு நிக்குது. பொம்பளைங்க மாடியிலேருந்து சங்கு ஊதறாங்க. போன மாசம் பசிர்ஹாட்ல ஜெயிச்சு ஒரு கிடா குடுத்தான். அத லோக்கல் ரயில்ல என் மடியில வெச்சுக் கூட்டிட்டு வந்தேன். அது ஒரு மாஸ்டரோட குடையத் தின்னுடுச்சு.

– சிரிக்காதடா! சுகோமல், நீ எதுக்குடா சிரிக்கற?

– இல்ல பினாகிதா. சிரிக்கல.

– எந்தெந்தப் பேர்ல ஆடின? சொல்லு.

– பசிர்ஹாட்ல பிஸ்வஜித். ஆரம்பாக்ல ராஜு. காக்த்வீப்ல ஏதோ ஒரு சர்க்கார். அங்க போனதும் ஒரு சீட்டக் காட்டி, இன்னிக்கு நீ இவன்டாம்பான். வராதவன் பேரு அது. நானும் போட்டுட்டு இறங்கிடுவேன்.

– அப்ப தபன் மண்டல்?

– ஞாபகம் இல்ல.

– ஞாபகம் இல்ல! மூணு பேர்ல ஊர் மேயறவனுக்கு நாலாவது பேரு எங்க ஞாபகம் இருக்கப் போவுது?

– வியாழக்கிழமை என் பேரத்தான் போட்டேன்னு தோணுது.

– தோணுதா? அம்மா மேல கை வெச்சு சொல்வியா?

– இரு, அன்னிக்கு என்ன எழுதினேன்னு ஞாபகப்படுத்திப் பாக்கறேன்.

– பாத்தியா? இப்பத்தான் ஞாபகப்படுத்தறானாம்.

– பினாகிதா, அவன் யோசிக்கட்டும்.

– என்னத்த யோசிக்கறது? நிதாய், என் கண்ணப் பாரு. சொல்வியா?

– சொல்ல முடியாது. அதான் கேவலமா இருக்கு. பூட்ஸ மாட்டி லேஸக் கட்டினதுக்கு அப்புறம் பேனா குடுத்தா, கை அதுபாட்டுக்கு எழுதுது. மனசு மைதானத்துக்குள்ள போயிடுது. போன வாரம் சியால்தா மீன் மண்டியில பனிக்கட்டிப் பெட்டி இறங்குச்சு. வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடச் சொன்னான். பிஸ்வஜித்னு போட்டுட்டேன். முதலாளி, எவன்டா பிஸ்வஜித், என் பெட்டி எங்கடான்னு குதிக்கறாரு. அன்னிக்கு பூட்ஸ்கூட மாட்டல.

– தானே ஒத்துக்கறான். எடு பேப்பர.

– ஒத்துக்கல பினாகிதா. இல்லன்னு சத்தியம் பண்ண முடியலன்னு சொல்றான். ரெண்டும் வேற வேற. சரியா சொல்றேனான்னு தெரியல, ஆனா வேறன்னுதான் தோணுது.

– நீ எந்தப் பக்கம்டா?

– பக்கம் இல்ல. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யாரு எத்தனை மணிக்கு வந்தாங்க, யாருக்கு அப்புறம் யாரு கையெழுத்துப் போட்டாங்கன்னு எழுதி வெச்சிருக்கேன். இருபத்திமூணு ஆட்டத்துக்கும் இருக்கு. அது இருந்தா இப்ப ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். வியாழக்கிழமை பக்கம் மட்டும் காலி.

– ஏன் காலி? அன்னிக்குன்னு பாத்து உன் கை சும்மா இருந்துச்சா?

– தாள நீட்டினதுமே, ஐஸ் வாங்கிட்டு வான்னு நீங்கதான் அனுப்பினீங்க. முட்டி வீங்கியிருக்குன்னு. நான் திரும்பி வந்தப்போ எல்லாரும் போட்டு முடிச்சிருந்தாங்க.

– என் முட்டிதான் இப்ப குத்தவாளியா?

– அப்படிச் சொல்லல. நீங்களும் அன்னிக்கு லேட்டு. பன்னெண்டு நிமிஷம். எழுதணும்னு நினைச்சேன், எழுதல.

– அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனேன்டா! பார்சல் வண்டிய மிதிச்சுட்டு, மருந்துக் கடையில நின்னுட்டு, மைதானத்துக்கு ஓடி வர்றேன். ஞாயித்துக்கிழமை பூரா ஆஸ்பத்திரி. என்ன லேட்டுன்னு எழுதுவியா நீ? எழுது! எழுதி மாட்டி வை!

– சாரி பினாகிதா.

– சாரி கேக்காதடா சுகோமல். அவர் கேக்கட்டும். பினாகிதா, நான் ஒண்ணு கேக்கறேன். இந்த வருஷம் நீங்க எத்தனை ஆட்டம் ஜெயிச்சீங்க?

– 'நீங்க'ளா? இப்பவே பிரிச்சுப் பேசறியா?

– அஞ்சு. அதுல எத்தனை கோல் என் காலுலேருந்து வந்துச்சு? சுகோமல், சொல்லு.

– பதினொண்ணுல எட்டு. ஒரு கோல் சந்தேகம், கார்னர்ல யார் தலையில பட்டுதுன்னு தெரியல.

– அந்த சந்தேகத்த பினாகிதாவுக்கே குடுத்துடு. எட்டு. வியாழக்கிழமை ரெண்டும் நான். அப்ப தோள்ல தூக்கிக்கிட்டு ஓடினீங்க. மீன் நாத்தம் அப்ப தெரியல.

– அதுக்கு? நீ கோல் போட்டா எது வேணா செய்யலாமா? அந்த எட்டு கோலையும் ஒரே கையெழுத்துல அழிச்சிட்டியேடா!

– நான்தான்னு முடிவே பண்ணிட்டீங்க.

– இந்த டீம்ல கூலி ஆட்டம் ஆடறவன் வேற எவன் இருக்கான்? கோல்கீப்பரு? அவங்கப்பா முடி வெட்டவே தனியா விட மாட்டாரு. சுகோமலு? நம்ம டீமே இவன இறக்கல, எந்த ஊர்க்காரன் கூப்பிடுவான்?

– அது நிஜந்தான்.

– அப்ப கேப்டன் நானா? நான் ஆடுவேனா?

– உங்கள யாரு சொன்னா? நிதாய் என்ன சொல்றான்னு கேளுங்க.

– திங்கக்கிழமை எனக்கு என்ன இருக்குன்னு தெரியுமில்ல, பினாகிதா?

– தெரியும்.

– சொல்லுங்க பாப்போம்.

– தேர்வு. மொத டிவிஷன் கிளப்புல.

– நாப்பது பேர ஓட விட்டு நாலு பேர எடுக்கறான். என்னத் தேடி கோச்சே வந்தான். தடை விழுந்துச்சுன்னா வாசல்லயே நிறுத்திடுவான். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். இந்தக் கடுதாசியில நான் கையெழுத்துப் போட்டா அவ்வளவுதான். அப்புறம் ஆயுசுக்கும் மீன் கூடைதான். இத தெரிஞ்சுதானே கேக்கறீங்க?

– தெரிஞ்சுதான் கேக்கறேன்! உனக்கு ஒரு திங்கக்கிழமை. மத்தவனுக்கு? ரிக்‌ஷா கடையில பஞ்சர் ஒட்டறவன், மார்வாடி வீட்டுக் கணக்கப்பிள்ளை, ராத்திரி ஏடிஎம் வாசல்ல நிக்கறவன், எல்லாரும் வேலைய முடிச்சு, வகுப்ப முடிச்சு, நாலு மணி நேரம் தூங்கி, விடியறதுக்கு முன்னாடி இங்க வந்து ஓடினானுங்களே, அவனுங்களுக்கு என்ன இருக்கு? சனிக்கிழமை ஃபைனல் மட்டும்தான்டா இருக்கு. அந்த ஒரு சனிக்கிழமையையும் உனக்காக விட்டுத் தரணுமா?

– மணி என்ன சுகோமல்?

– நாலு முப்பத்தாறு.

– கூடாரத்துக்கு எவ்வளவு நேரம்?

– ஓடினா எட்டு நிமிஷம். நிதாய், இரு. நான் போய் அந்தத் தாளக் காட்டச் சொல்லிக் கேக்கறேன். கிறுக்கலா இருந்தாலும் நம்ம பசங்க கிறுக்கல் எனக்குத் தெரியும். பத்த கண்டுபிடிச்சா மிச்சம் யாருன்னு தெரிஞ்சிடும்.

– காட்ட மாட்டான். நான் காலையிலயே கேட்டேன். புகார்ல இருக்கற தாள், யாருக்கும் காட்ட முடியாதுன்னுட்டான்.

– இன்னொரு தரம் கேட்டா...

– கேட்டுட்டு நிப்ப, அஞ்சு அடிக்கும், கூடாரத்துப் படுதாவ இழுத்து விடுவான். உனக்கு என்னடா கஷ்டம்? நிதாய் இடம் காலியானா யார் இறங்கப் போறான்னு யோசிச்சியா? நீதான். ஃபைனல்ல பதினாறாம் நம்பர். மூணு வருஷமா தோச்சுத் தோச்சு வெளுத்துப் போன ஜெர்சி, ஒரு தடவையாவது சேறு படட்டுமே.

– நான் இறங்க மாட்டேன்.

– என்ன சொன்ன?

– இப்படிக் கிடைக்கற இடத்துல இறங்க மாட்டேன் பினாகிதா. எனக்கு எவ்வளவு ஆசைன்னு உங்களுக்குத் தெரியும்.

– விடுடா சுகோமல். நீ இறங்கு. கார்னர் வந்தா மட்டும் கண்ண மூடிக்காத. பினாகிதா, எழுதச் சொல்லுங்க.

– நிதாய்!

– நான் போடலன்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியல. போட்டது நானா இருந்து, வாய மூடிக்கிட்டு பத்துப் பேரையும் வெளிய தள்ளினா, திங்கக்கிழமை எனக்குக் கால் ஓடாது. எழுது.

– இப்பத்தான் ஆம்பளை மாதிரி பேசற.

– நீங்க பேசாதீங்க பினாகிதா. எழுதறேன்னுதான் சொன்னேன், உங்கள மன்னிச்சேன்னு சொல்லல. போல்ட்டு கால ஒடச்சிக்கிட்டுக் கெடந்தப்போ நீங்க ஒரு தடவ போய்ப் பாக்கல. நான் போனேன். அவன் அழுதுக்கிட்டே உங்களத்தான் விசாரிச்சான்.

– பேனா எங்கடா? சுகோமல், பேனா!

– என்னோடது மை தீந்துடுச்சு.

– என் பூட்ஸ் பையில இருக்கு. பாரு, கீழ. வெரசா.

– இருக்கு. பினாகிதா, உங்க பை பூரா செம்மண்ணா கொட்டுது. நம்ம மைதானத்துல செம்மண்ணே கிடையாதே.

– கொட்டினா கொட்டட்டும், உதறிட்டு எழுது! நான் சொல்றேன். 'கமிட்டிச் செயலாளருக்கு.' எழுதிட்டியா? 'நிதாய் சர்தார் ஆகிய நான், பணத்துக்காக வெளியூர்களில் வேறு பெயர்களில் ஆடும் வழக்கம் உள்ளவன்.'

– 'வழக்கம் உள்ளவன்.' இத கொஞ்சம் மாத்தி எழுதலாமா? திருடன் சொல்ற மாதிரி இருக்கு.

– சத்தியத்த மீறினவன் திருடன்தான். எழுது. 'அந்தப் பழக்கத்தில் வியாழக்கிழமை தபன் மண்டல் என்று கையெழுத்திட்டது நான்தான். என் அணியினர் யாருக்கும் இது தெரியாது. இப்படிப்பட்டவர்கள் அணியில் இருக்கத் தகுதி இல்லாதவர்கள் என்ற எங்கள் கேப்டனின் முடிவை ஏற்கிறேன்.'

– அத கமிட்டி கேக்கலையே.

– நான் கேக்கறேன். எழுது.

– எழுதிட்டேன்.

– குடு. எங்க போடணும்? இங்கயா?

– நிதாய், மெதுவா. இன்னும் நேரம் இருக்கு.

– மெதுவாத்தான் போடறேன். ஒவ்வொரு எழுத்தா. நி... தா... ய். சர்... தார். பாரு, சின்னப் புள்ள எழுதின மாதிரி இருக்கு. என் பேர நானே எழுதி எவ்வளவு நாளாச்சு. தப்பு ஒண்ணும் இல்லையே?

– இல்ல. சரியா இருக்கு.

– அப்ப நான் போறேன். ஆறு மணிக்கு வகுப்பு.

– இரு. கமிட்டி உன்னக் கூப்பிட்டா? நான் கையெழுத்துப் போடற வரைக்கும் இரு. குடுடா அத. நாலு அம்பதாச்சு, இவன் அழகு பாத்துக்கிட்டு நிக்கறான்! முட்டி மேல வெச்சே போடறேன். இந்தா. மடி, எடுத்துக்கிட்டு ஓடு.

– பினாகிதா.

– ஓடுன்னு சொன்னேன்!

– பினாகிதா, ஒரு நிமிஷம். இத ஒரு தடவ பாருங்க.

– என்னத்தப் பாக்கறது? மறுபடியும் சந்தேகமா? உன் சந்தேகத்துல தீய வைக்க! எட்டு நிமிஷம் ஆகும்னு நீதானே சொன்ன? எதுக்குடா மரமா நிக்கற?

– சந்தேகம் இல்ல. இந்தத் தடவ நான் தப்பாப் படிக்கல. நிதாய், நீயும் வந்து பாரு. 'அணித் தலைவர்'னு நான் எழுதின இடத்துக்கு மேல பினாகிதா இப்பப் போட்ட கையெழுத்து... 'தபன் மண்டல்'.